வீட்டுக் கம்பியில்லா இணையத்தை வெளிமுற்றத்திற்கு நீட்டித்தல்

வீட்டுக் கூடத்தில் குறையின்றி இயங்கும் கம்பியில்லா இணையம், வாயிற்படியைக் கடந்ததும் நலிவுற்று, தோட்டத்துக் கோடியில் அறவே நின்றுவிடுவதைப் பலரும் கண்டிருப்பர். இதனைச் சிறு தொல்லை என்று ஒதுக்கிவிட இன்று இயலாது. நம் நாட்டில் வீட்டு வேலைகளிற் பெரும்பகுதி கூரைக்கு வெளியே நடைபெறுகிறது. திண்ணையிலும் மரநிழலிலும் பாடம் சொல்லும் ஆசிரியர் உளர். பகலெல்லாம் கைப்பேசியில் நிரப்பிய படிவங்களை மாலையில் முற்றத்தில் அமர்ந்து அனுப்பும் களப்பணியாளர் உளர். கிணற்று மோட்டாரை எட்டத்திலிருந்து இயக்கும் கருவியும், மழைமானியின் அளவைத் தானே அனுப்பும் கருவியும் தோட்டத்தின் கடைக்கோடியிலேதான் நிற்கின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பள்ளிகள் மூடப்பெற்றபோது, ஓர் அறையில் இருவர் மூவர் பாடம் கேட்க இடமின்றிப் பிள்ளைகள் திண்ணைக்கு வந்ததையும், அங்கே குரல் அறுபட்டு அறுபட்டு வந்ததையும் ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இணைப்பு வெளியில் நலிவதற்குக் காரணம் யாது, அதனை நீட்டிக்கும் முறைகளில் எவை பயன்படும், எவை பணத்தை வீணாக்கும், எவை உயிருக்கே ஊறு விளைவிக்கும் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அலையின் இயல்பு

வீட்டு ரூட்டர் இரண்டு அலைக்கற்றைகளில் இயங்குகிறது. ஒன்று 2,400 மெகாஹெர்ட்சை அடுத்தது; அதன் அலைநீளம் ஏறத்தாழ 12 செ.மீ. மற்றொன்று 5,150 முதல் 5,875 மெகாஹெர்ட்சு வரையில் அமைந்தது. அதன் அலைநீளம் ஐந்தரை செ.மீ. அளவினது. இத்தகைய குற்றலைகள் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. 1895ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், இவற்றினும் குறுகிய அலைகளைச் சுவர்களின் ஊடே செலுத்தி, மறுபுறத்தில் மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைக் கொளுத்தவும் செய்து காட்டினார். அலைகளை ஒருமுகப்படுத்த அவர் கையாண்ட புனல் வடிவக் குழல், இன்றைய திசையேரியல்களின் முன்னோடியாகும். சுவரின் ஊடே அலை செல்லும் என்பதை அன்று அவர் காட்டினார். செல்லும்போது எவ்வளவு குறைகிறது என்பதே இன்று நமக்கு வேண்டுவது.

இக்குறைவை டெசிபல் என்னும் அலகால் கணிப்பர். ஆற்றல் பாதியாயின் 3 டெசிபல் குறைவு; பத்தில் ஒன்றாயின் 10; நூற்றில் ஒன்றாயின் 20. இந்த அலகின் சிறப்பு, பெருக்கலும் வகுத்தலும் வேண்டாமல் கூட்டலும் கழித்தலுமே போதும் என்பதாம். ஒரு மில்லிவாட்டை 0 எனக் கொண்டால், 100 மில்லிவாட்டு ஆற்றலுடைய ரூட்டர் +20 ஆகும். கைப்பேசிக்கு வந்து சேரும் ஆற்றல் மிகச் சிறிதாகையால் கழித்தற் குறியுடன் எழுதப்படும். –50 என்பது வலுவான வரவு. –67 வரையில் குரலும் படமும் தடையின்றி நடைபெறும். –75இல் தடுமாற்றம் தொடங்கும். –85க்குக் கீழே இணைப்பு இருப்பதாகக் காட்டினும் பயன் இராது.

ஒரு கணக்கை நோக்குவோம். திறந்த வெளியில் 2,400 மெகாஹெர்ட்சு அலை முதல் ஒரு மீட்டரிலேயே 40 டெசிபல் இழக்கிறது. 30 மீட்டரில் அவ்விழப்பு 70 ஆகிறது. ரூட்டரின் ஆற்றல் 20, அதன் ஏரியலின் பெருக்கம் 2. ஆகவே 30 மீட்டரில் கைப்பேசி பெறுவது –48. இது நல்ல வரவே. ஆனால் இடையில் இரண்டு செங்கற்சுவர்கள் உள்ளன என்று கொள்வோம். ஒன்றுக்கு 8 டெசிபல் வீதம் கழித்தால் –64. ரூட்டரைக் கூடத்தின் மூலையில் எஃகு அலமாரிக்குப் பின்னே வைத்திருந்தால் இன்னும் ஒரு 10 கழியும், –74 ஆகிவிடும். ஆக, திறந்த வெளி தந்ததைச் சுவரும் அலமாரியும் பறித்துக்கொண்டன. 5,500 மெகாஹெர்ட்சில் இதே கணக்கைச் செய்தால், பரவலால் மட்டும் 7 டெசிபல் மிகுதியாகக் குறையும்; சுவர்களின் இழப்பும் கூடும். வீட்டினுள் விரைவாக இயங்கும் 5 கிகாஹெர்ட்சு இணைப்பு வாயிற்புறத்தில் முதலில் மறைவதன் காரணம் இதுவே.

சுவர்களெல்லாம் ஒரு தன்மையன அல்ல. அசாமில் நாணலும் மண்பூச்சும் கொண்ட இகராச் சுவர்கள் அலையை எளிதில் விடுகின்றன. ஆனால் அவற்றின் மேலுள்ள தகரக் கூரை மேலிருந்து வரும் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். இராசத்தானத்தின் தடித்த கற்சுவர் பெருந்தடை. இரும்புக் கம்பி பின்னிய காங்கிரீட்டுச் சுவர் அதனினும் கொடிது. ஒரு சுவரே 15 முதல் 20 டெசிபல் வரையில் உண்ணக்கூடும். பலரும் நினையாத தடை ஒன்று உண்டு. அது சன்னலில் அடித்த உலோகக் கொசுவலை. அதன் கண்கள் ஒரு மில்லிமீட்டர் அளவின. அலையோ 12 செ.மீ. நீளமுடையது. ஆகவே நம் கண்ணுக்குத் திறந்து தோன்றும் சன்னல், அலைக்குத் தகரத் தகடு போன்றதே. நைலான் வலைக்கு இக்குறை இல்லை. ரூட்டரைச் சன்னலருகே வைத்தும் பயன் காணவில்லை என்போர் முதலில் அச்சன்னலின் வலையைத் தொட்டுப் பார்க்க.

மழைத்துளி இவ்வலைகளைத் தடுப்பதில்லை. இந்த அதிர்வெண்களில் அவ்விழப்பு புறக்கணிக்கத்தக்கது. ஆயினும் மழைநாளில் தோட்டத்தில் இணைப்பு குன்றுகிறதே என்று கேட்கலாம். காரணம் இலைகள். அடர்ந்த தழையினூடே அலை மீட்டருக்கு அரை டெசிபலோ அதற்கு மேலோ இழக்கிறது. தழை நனைந்திருக்கும்போது இழப்பு மிகும்.

ஆற்றலைக் கூட்டுவதால் என்ன பயன்?

கடைக்காரர் பலர் “அதிக ஆற்றலுடைய ரூட்டர்” வாங்குமாறு கூறுவர். இதில் ஒரு பிழை மறைந்துள்ளது. இணைய இணைப்பு வானொலி போன்று ஒருவழிப் பேச்சன்று. ரூட்டர் கைப்பேசிக்கு அனுப்புவது போலவே கைப்பேசியும் ரூட்டருக்கு அனுப்பியாக வேண்டும். ரூட்டர் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்திற்கும் ‘பெற்றேன்’ என்னும் ஒப்புதலைக் கைப்பேசி தருதல் வேண்டும். கைப்பேசியின் ஆற்றலோ பெரும்பாலும் 30 மில்லிவாட்டு அளவினது. ஒலிபெருக்கியில் ஒருவர் கூவ, எதிரில் உள்ளவர் மெல்லிய குரலில் விடை கூறுவது போன்ற நிலை இது. திரையில் கோடுகள் நிறைந்து தோன்றும். படிவமோ போய்ச் சேராது.

ஏரியலைத் திருத்துவது அங்ஙனம் அன்று. ஒரு திசையில் 8 டெசிபல் பெருக்கம் தரும் ஏரியல், அனுப்பும்போது தரும் பெருக்கத்தைப் பெறும்போதும் தரும். ஆகவே ஆற்றலுக்குச் செலவிடுவதினும் ஏரியலுக்கும் அது நிற்கும் இடத்திற்கும் செலவிடுவதே அறிவுடைமை.

குச்சி ஏரியலிலிருந்து அலை எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதில்லை. குச்சியை நடுவில் செருகிய உளுந்து வடையை எண்ணிக்கொண்டால், அந்த வடையின் வடிவமே அலை பரவும் வடிவமாகும்; குச்சியின் நுனி நோக்கும் திசையில் அலை மிகக் குறைவு. ஆதலின் முற்றத்தை நோக்கிக் குச்சியை நீட்டிவைப்பது நேர்மாறான பயனையே தரும். செங்குத்தாக நிறுத்துதலே முறை. பெருக்கம் மிகுந்த குச்சி ஏரியலில் இவ்வடை தட்டையாகி விரியும். அதனை மாடியின் உச்சியில் நட்டால் எட்டத்திலுள்ள அண்டை வீட்டார் பயனடைவர். கீழே முற்றத்தில் நிற்பவர்க்கு ஒன்றும் கிட்டாது.

செலவில்லாத முறைகள்

எதையும் வாங்குமுன், ரூட்டரை முற்றத்தை ஒட்டிய சுவருக்கு மாற்றி, தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில், அலமாரி, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் மறைவின்றி வைத்துப் பார்க்க. முற்றத்துக் கருவிகளை 2.4 கிகாஹெர்ட்சில் இணைக்க. இந்த அலைக்கற்றையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே; அண்டை வீட்டார் எதில் உளர் என்று பார்த்து எஞ்சியதைத் தேர்க. முற்றம் 20 மீட்டருக்கு உட்பட்டதாயின் பெரும்பாலும் இதுவே போதுமானது.

மறுபரப்பியும் கேபிளும்

இது போதாவிடத்துப் பலரும் நாடுவது ரிப்பீட்டர் என்னும் மறுபரப்பி. சுவர்ப் பிளக்கில் செருகினால் போதும் என்பதால் இது விரும்பப்படுகிறது. ஆனால் ஒரே தடத்தில் கேட்டு அதே தடத்தில் திருப்பிச் சொல்லும் கருவி, ஒவ்வொரு செய்திக்கும் இருமுறை நேரத்தைச் செலவிடுகிறது. ஆகவே வேகம் ஏறத்தாழப் பாதியாகும். இதனினும் பெரிய தவறு, அதனை வைக்கும் இடத்தில் நேர்கிறது. இணைப்பு இல்லாத இடத்தில் மறுபரப்பியை வைப்பவர் மிகப் பலர். தனக்கே கேளாத செய்தியை அது எங்ஙனம் பிறர்க்குச் சொல்லும்? –60 முதல் –65 வரையில் வரவு உள்ள இடைவழியிலேயே அதனை வைத்தல் வேண்டும்.

நிலைத்த பயன் தருவது கேபிளே. ரூட்டரிலிருந்து ஒரு கேபிளை வெளிச்சுவருக்கு இழுத்து, இறவாரத்தின் கீழ் மூன்று மீட்டர் உயரத்தில், வெளியிடத்திற்கென்றே செய்யப்பட்ட ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை நிறுத்தினால், நடுவிலுள்ள சுவர்களெல்லாம் கணக்கிலிருந்து நீங்கிவிடும். முன் சொன்ன எடுத்துக்காட்டில் –74ஆக இருந்த வரவு –48ஐ அடையும். நான்கு இணை முறுக்குக் கம்பிகள் கொண்ட செப்புக் கேபிள் 100 மீட்டர் வரையில் செல்லும். அதே கேபிளில் தாழ்ந்த அழுத்த மின்சாரத்தையும் அனுப்பும் முறை 2003ஆம் ஆண்டிலேயே தரப்படுத்தப்பட்டுள்ளது. சுமார் 48 வோல்ட்டில் 15 வாட்டு வரையில் கொடுக்கலாம். இதனால் 230 வோல்ட்டு நீட்டிப்புக் கம்பியைச் சுவரோரம் இழுத்து, மழையில் நனையும் பிளக்கில் கருவியைச் செருகும் கொடிய வழக்கம் தேவையற்றதாகிறது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் பிள்ளைகள் உள்ள முற்றத்தில் அத்தகைய கம்பி ஒருநாளும் இருத்தலாகாது.

வெளியில் செல்லும் கேபிள் கறுப்பு உறையுடையதாக இருத்தல் வேண்டும். வீட்டினுள் இடும் சாம்பல் நிறக் கேபிளின் உறை வெயிலில் சில கோடைகளிலேயே வெடித்து, மழைநீர் உள்ளே இறங்கும். கேபிள் பெட்டியுள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுக. கேபிள் வழியே ஒழுகும் நீர் அவ்வளைவிலிருந்து சொட்டிவிடும். வீட்டினுள் வைக்கும் ரூட்டரைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வெளியே தொங்கவிடுவோர் உளர். அக்கருவிகள் பெரும்பாலும் 40 பாகை செல்சியசு வெப்பத்திற்கு உட்பட்டு இயங்கவே அமைக்கப்பட்டவை. விதர்ப்பத்திலோ மேற்கு இராசத்தானத்திலோ மே மாதத்தில் நிழலிலேயே 45 பாகை காணும்போது, மூடிய டப்பாவினுள் நிலை என்னவாகும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இடியும் மின்னலும்

இப்பகுதியைச் சற்று நின்று படிக்குமாறு வேண்டுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டிலிருந்து 40 மீட்டர் தொலைவிலுள்ள மோட்டார் அறைக்குச் செப்புக் கேபிளை மதிற்சுவர் ஓரமாக நானே இழுத்தேன். வேலை செவ்வனே முடிந்ததாக மகிழ்ந்தும் இருந்தேன். பருவமழைக்கு முந்திய முதல் இடிமழையில், அருகில் எங்கோ மின்னல் தாக்கியது. எங்கள் எல்லைக்குள் ஒரு மரங்கூடக் கருகவில்லை. ஆயினும் கேபிளின் இரு முனைகளிலும் இருந்த கருவிகள் எரிந்துபோயின. ரூட்டரை ஒட்டியிருந்த கணினியும் அவற்றோடு போயிற்று. அப்போது அக்கணினியில் எவரும் கை வைத்திருக்கவில்லை என்பது தற்செயல்.

நிகழ்ந்தது இதுவே. அண்மையில் மின்னல் தரையிறங்கும்போது நிலத்தின் மின்னழுத்தம் இடத்துக்கிடம் பெரிதும் வேறுபடும். வீட்டின் புவித்தொடர்பும் மோட்டார் அறையின் புவித்தொடர்பும் வெவ்வேறாக இருக்க, இடையில் ஒரு செப்புக் கம்பியைக் கட்டிவைத்தால், அவ்வேறுபாடு முழுவதும் கருவிகளின் வழியே பாயும். நீண்ட கம்பியில் தூண்டப்படும் மின்சாரமும் இதனோடு சேரும்.

ஆகவே ஒரே கட்டடத்தின் வெளிச்சுவர் வரையில் செப்புக் கேபிளை இடலாம். கட்டடத்தினுள் அது நுழையும் இடத்தில் மின்எழுச்சித் தடுப்பான் ஒன்றை வைத்து, அதனை வீட்டின் புவித்தொடர்போடு குறுகிய தடித்த கம்பியால் இணைத்தல் வேண்டும். புவித்தொடர்பு அமைக்கும் முறையை இந்தியத் தரம் 3043 விளக்குகிறது. அதனை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுக. வேறொரு கட்டடத்துக்குச் செல்வதாயின் செம்பை விட்டுக் கண்ணாடியிழைக் கேபிளை இடுக. இரு முனைகளிலும் சிறு மீடியா கன்வர்ட்டர்கள் வேண்டும். செலவு சிறிது கூடும். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: சந்தையில் கிடைக்கும் தொங்கு கண்ணாடியிழைக் கேபிள் பலவற்றில், பளுவைத் தாங்க ஓர் எஃகுக் கம்பி உடன் செல்கிறது. அதனைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தாமல் உள்ளே கொண்டுவந்தால், கண்ணாடியை இட்டதன் பயன் இல்லை.

தொலைவிலுள்ள மோட்டார் அறைக்கு

100 மீட்டருக்கு மேற்பட்ட தொலைவுக்கு, இரு முனைகளிலும் ஒன்றையொன்று நோக்கும் திசையேரியல்களை நிறுத்திக் கேபிளின்றியே இணைக்கலாம். மின்னலின் இடரும் இதில் குறைவு. 200 மீட்டருக்குக் கணக்கு இதோ: பரவல் இழப்பு 86, ஆற்றல் 20, இருபுறமும் 10 டெசிபல் பெருக்கமுள்ள சிறு ஏரியல்கள். வரவு –46. ஆதலின் பெரிய வலைக்குடை ஏரியல் இத்தொலைவுக்குத் தேவையே இல்லை.

தேவையானது உயரம். அலை இரு ஏரியல்களுக்கிடையே நூல் போன்று செல்வதில்லை. நடுவில் பருத்த கதிர் போன்ற ஓர் இடத்தை நிரப்பிச் செல்கிறது. இதனைப் பிரனெல் மண்டலம் என்பர். 200 மீட்டர்த் தொலைவில் 2.4 கிகாஹெர்ட்சு அலைக்கு நடுவிடத்தில் இதன் ஆரம் இரண்டரை மீட்டர். அதில் பத்தில் ஆறு பங்கேனும், அதாவது ஒன்றரை மீட்டர், தடையின்றி இருத்தல் வேண்டும். மகாராட்டிரத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் கரும்புக் கொல்லைகளின் நடுவே வாழ்வோர் இதனை நன்கு உணர்தல் வேண்டும். கரும்பு நட்ட காலத்தில் இரண்டு மீட்டர்க் கழியில் கட்டிய ஏரியல் நன்றாக இயங்கும். பயிர் மூன்று மீட்டருக்கு மேல் வளர்ந்ததும் இணைப்பு அற்றுப்போகும். கருவி பழுதென்று மாற்றுவார்கள்; புதியதும் இயங்காது. பயிரின் முழு உயரத்திற்கு மேல் ஒன்றரை மீட்டர் கூட்டி, ஐந்து மீட்டரில் ஏரியலை நிறுத்துக.

விதிகள்

2.4 கிகாஹெர்ட்சு அலைக்கற்றையை உரிமமின்றிப் பயன்படுத்த 2005ஆம் ஆண்டு விதிகள் வழி செய்தன. கருவியின் ஆற்றல் ஒரு வாட்டு, ஏரியலின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட்டு, ஏரியலின் உயரம் கட்டடக் கூரைக்கு மேல் 5 மீட்டர் என்பன அவை வகுத்த எல்லைகள். 5 கிகாஹெர்ட்சு அலைக்கற்றை வீட்டுக்கு வெளியேயும் 2018ஆம் ஆண்டு அக்டோபரில் திறந்துவிடப்பட்டது. 4 வாட்டு என்பது 36 டெசிபல். 24 டெசிபல் பெருக்கமுள்ள குடை ஏரியலை மாட்டினால் கருவியின் ஆற்றலை 12க்கு, அதாவது 16 மில்லிவாட்டுக்குக் குறைத்தாக வேண்டும். பெருக்கத்தையும் ஆற்றலையும் ஒருசேர மிகுதியாக வைப்பது விதிமீறல்.

5 கிகாஹெர்ட்சில் 5,600 மெகாஹெர்ட்சை அடுத்த பகுதி வானிலை ராடார்களும் இயங்கும் இடமாகும். அதனாலேயே முறையான கருவிகள், இப்பகுதித் தடங்களில் பேசத் தொடங்குமுன் சிறிது நேரம் செவிமடுத்து, ராடார் ஒலி கேட்டால் வேறு தடத்துக்கு விலகுகின்றன. வெளியில் வைத்த கருவி சில வேளைகளில் ஒரு நிமிடம் ஊமையாக இருப்பதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம். வேறு நாட்டின் பெயரைத் தேர்ந்து இக்காப்பை மாற்றிக்கொள்ளுமாறு சிலர் கற்பிக்கின்றனர். மழைமேகத்தைப் பார்க்கும் ராடாரின் திரையில் அவர்களுடைய வீட்டு அலை ஒரு பொய்க்கோடாக விழும் என்பதை அவர்கள் அறியார்.

மதிலுக்கு வெளியே

முற்றத்தை எட்டும் அலை தெருவையும் எட்டும். 2008ஆம் ஆண்டு ஜூலையில் அகமதாபாத்துக் குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு குடியிருப்பாளரின் பாதுகாப்பற்ற கம்பியில்லா இணைப்பின் வழியே அனுப்பப்பட்டது. அவர் விசாரணைக்கு உள்ளாக நேர்ந்தது. ஆகவே வெளியில் ஆக்சஸ் பாயின்ட் நிறுவும் அன்றே மறையீட்டு முறையை அமைத்துவிடுக. 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 கிடைப்பின் அதனையும், இன்றேல் டபிள்யூ.பி.ஏ. 2ஐயும் கொள்க, கடவுச்சொல் நீண்டதாக இருக்கட்டும். திண்ணைக்கு வரும் மாணவர்க்கும் விருந்தினர்க்கும் தனிப்பெயருள்ள விருந்தினர் இணைப்பைக் கொடுத்தல் நலம். இயலுமாயின் திசையேரியலைத் தெருப்பக்கத்து மதிலில் வைத்து வீட்டை நோக்கித் திருப்புக. அலை வீட்டுச் சுவரில் மோதி முற்றத்திலேயே பெரிதும் நின்றுவிடும்.

வகுப்பில் செய்துகாட்ட

ஆசிரியர்கள் இப்பாடத்தை ஒரு கைப்பேசியைக் கொண்டே நடத்தலாம். வரவை டெசிபலில் காட்டும் செயலிகள் பல உள்ளன. ரூட்டரைத் திறந்த வெளியில் ஒரு முக்காலியின் மேல் வைத்து, 2, 4, 8, 16 மீட்டர்களில் வரவை எழுதச் செய்க. தொலைவு இரட்டிக்குந்தோறும் 6 டெசிபல் குறைதல் வேண்டும். பின்னர் 8 மீட்டரில் நின்று, கைப்பேசியை எவர்சில்வர்ச் சாப்பாட்டு டப்பாவில் இட்டு மூடி, சற்றுப் பொறுத்து எடுத்துப் பார்க்கச் செய்க. செயலியின் வரைகோடு சரிந்திருப்பது தெரியும். ரூட்டருக்கு முதுகு காட்டி நின்று கைப்பேசியை மார்போடு அணைத்தும் பார்க்கலாம். உடலில் உள்ள நீர் எவ்வளவு தடுக்கிறது என்பதை ஒவ்வொரு மாணவனும் தன் உடலாலேயே அறிவான்.

அளவுகள் கணக்கோடு துல்லியமாகப் பொருந்தமாட்டா. ஒரு மாணவிக்கு 16 மீட்டரில் 8 மீட்டரினும் மிகுந்த வரவு கிடைக்கக்கூடும். அதனைப் பிழையென்று அடித்துவிடற்க. தரையிலும் சுவரிலும் மோதித் திரும்பிய அலை நேர் அலையோடு ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் கழிந்தும் நிற்பதால் இவ்வாறு நேரும். கைப்பேசியை ஆறு செ.மீ., அதாவது அரை அலைநீளம், அப்பால் நகர்த்தி மீண்டும் அளக்கச் செய்க. ஓரிடத்தில் ஐந்து அளவுகள் எடுத்து அவற்றின் சராசரியைப் பலகையில் எழுதுக.